பொன்னாடை, அல்வா, ஒரு பாஸ்வேர்ட்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் எனக்குப் பல வருட வேலை. கணக்குப் பிரிவில் இருந்த அண்ணாச்சி ஒருவர் ஓய்வு பெற்றார். பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம், ஒரு கிலோ அல்வாவைக் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். பீரோச் சாவி, அடையாள அட்டை எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கியாயிற்று. ஆறு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது பார்க்கிறேன், முந்தின நாள் சாயங்காலம் அவர் பெயரில் நான்கு பில்கள் ஒப்புதல் ஆகியிருக்கின்றன.

போன் போட்டேன். "அண்ணாச்சி, நேத்து நம்ம சாப்ட்வேருக்குள்ள வந்தீங்களா?"

"நான் எங்கவே வரப்போறேன்? திருச்செந்தூர்ல பேத்திக்கு மொட்டை போட்டுக்கிட்டு இருக்கேன்."

அல்வா கொடுத்தது நாங்கள்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

விசாரித்தால், பணம் எதுவும் திருடு போகவில்லை. அவருக்குக் கீழே இருந்த பையனுக்கு அவருடைய பாஸ்வேர்ட் தெரியும். புதிதாக வந்த அதிகாரிக்கு ஒப்புதல் உரிமை கேட்டு வந்த கடிதம் எங்கள் பிரிவு மேஜையில் கோப்புகளுக்கு அடியில் கிடந்தது. மருந்து சப்ளையர்கள் பணத்துக்கு நெருக்கியிருக்கிறார்கள். பையன் பில்லைத் தானே பதிந்து, அண்ணாச்சி பெயரில் உள்ளே போய், தானே ஒப்புதலும் கொடுத்துவிட்டான். தப்பில் பாதிக்கு மேல் என்னுடையது.

ஒரு நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதைத் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை 'ஐடென்டிட்டி அண்ட் ஆக்சஸ் மேனேஜ்மென்ட்' என்பார்கள். பெயர்தான் நீளம், வேலை என்னவோ சாவிக் கணக்குதான். சாவி கேட்டு தினமும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி இத்தனை வருடத்தில் என்னிடம் வந்தவர் இரண்டு பேரோ மூன்று பேரோதான்.

இது நம்மூர்ச் சமாசாரம் மட்டும் இல்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற பெரிய எரிபொருள் குழாய் வழி பல நாள் நின்றுபோனது. இணையத் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய லாகின் கணக்கு வழியாக. பாஸ்வேர்ட் ஏற்கெனவே வெளியே கசிந்திருந்தது, அதற்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கிடையாது. நிறுவனம் கிட்டத்தட்ட 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது.

சரி, எங்கே தொடங்குவது? பெரும்பாலோர் சாப்ட்வேர் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் பட்டியலில் தொடங்கச் சொல்வேன். ஒரு பக்கம் சம்பளப் பட்டியல், மறுபக்கம் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குகள். இரண்டையும் ஒட்டிப் பார்ப்பது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆயிற்று.

காரணம் நம் பெயர்கள். எங்களிடம் இசக்கிமுத்து என்று நான்கு பேர் இருந்தார்கள். நம் சீமையில் இது ஒரு அதிசயமா? அதில் இருவருக்கு இனிஷியலும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் 'ஐ' எழுத்தில். ஒரே ஆள் சம்பளப் பட்டியலில் ஒரு விதமாகவும் மெயிலில் வேறு விதமாகவும் இருப்பார். இது போதாதென்று, வெளிநாட்டு சாப்ட்வேர் குடும்பப் பெயர் கேட்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு கிளார்க் அதில் இனிஷியலைப் போட்டார், இன்னொருவர் அப்பா பெயரைப் போட்டார், மூன்றாமவர் வெறும் புள்ளி ஒன்றை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கல்யாணம் ஆன நர்ஸுகளுக்கு இனிஷியலே மாறிவிடும், அப்போது பழைய பெயரில் ஒரு கணக்கு, புதுப் பெயரில் ஒரு கணக்கு.

அதனால் பெயரை நம்பக் கூடாது. பணியாளர் எண்தான் பிடிமானம். ஒருவருக்கு ஒரே எண். அவர் போன பிறகும் அதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. திரையில் தெரியும் பெயர் எத்தனை தடவை மாறினாலும் அடியில் அந்த எண் அப்படியே இருக்கும். சம்பளப் பட்டியலில் வராதவர்களும் உண்டு: வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர், கான்ட்ராக்ட் ஆள், பயிற்சி மாணவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு பொறுப்பாளர் வேண்டும், கணக்குக்குக் கடைசித் தேதி வேண்டும். தேதி போடாமல் கணக்குத் திறக்கவே மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றதில் பெரிய டாக்டர் ஒருவருக்கு இன்றைக்கும் என் மேல் கோபம்தான்.

வேலையில் சேர்பவர், இடம் மாறுபவர், வெளியே போகிறவர் என்று மூன்று வகை. நடுவில் இருப்பவர்தான் ஆபத்து. வார்டிலிருந்து மருந்தகத்துக்கு, அங்கிருந்து கொள்முதலுக்கு என்று மாறிய ஒருவரிடம் மூன்று இடத்து உரிமையும் சேர்ந்து கிடந்தது. ஆர்டர் போடுவதும் அவரே, சரக்கு வந்தது என்று பதிவதும் அவரே. கோயில் உண்டியலைத் தனியாக ஒருவர் திறக்க விடுவோமா? இதற்காகத்தான், உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுக்கும் முறையை 1992இல் ஃபெரயோலோ, கூன் என்ற இருவர் கட்டுரையாக எழுதினார்கள். பொறுப்பு மாறினால் பழைய உரிமை தானாகக் கழன்றுவிடும். ஆனால் ஆளுக்கொரு பொறுப்பு என்று உருவாக்கத் தொடங்கினால் கதை பழையபடிதான். எங்களுக்கு இருபது பொறுப்புகள் போதுமானதாக இருந்தன.

அப்புறம் பாஸ்வேர்ட். இரவு ஷிப்டில் ஒரு நர்ஸிங் ஸ்டேஷனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, பேனாவில் ஒரு சாமி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் எழுதியிருந்தது. ஆறு பேருக்கும் ஒரே லாகின். "ஏம்மா இப்படி?" என்று கேட்டேன். சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டினார். "ஒவ்வொரு தடவையும் உள்ள போக ரெண்டு நிமிஷம் ஆகுது சார். பேஷண்ட்டுக்கு மூச்சுத் திணறுது, நான் பாஸ்வேர்ட் அடிச்சுக்கிட்டு இருக்கவா?" எனக்குப் பதில் இல்லை. மறுமாதம் அட்டையைத் தட்டினால் திறக்கும் கருவி வைத்தோம், பிளாஸ்திரி தானாகப் போயிற்று. அதுவரை ஏதாவது நடந்திருந்தால் எங்கள் பதிவேட்டில் 'நர்ஸ்1' என்று மட்டும்தான் இருந்திருக்கும். இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022இலேயே மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணை போட்டாயிற்று. 'நர்ஸ்1' என்ற பதிவை எத்தனை நாள் வைத்திருந்து என்ன செய்ய?

90 நாளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்று என்ற பழைய சட்டத்தையும் விட்டுவிட்டோம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் காரணம் இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதானே.

அதற்குப் பதிலாக ஓடிபி வைத்தோம். அதற்கும் வினை வந்தது. 2023 டிசம்பர் 17 உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி பொங்கி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் எல்லாம் தண்ணீர். எங்கள் மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடுகிறது, சர்வர் ஓடுகிறது, டாக்டர் பாஸ்வேர்டும் சரியாகத்தான் அடிக்கிறார். ஓடிபி மட்டும் வரவில்லை, ஏனென்றால் போனில் சிக்னலே இல்லை. அன்று ராத்திரி மருந்துச் சீட்டைப் பழையபடி பேப்பரில் எழுதினார்கள்.

அதன் பிறகுதான் போனிலேயே எண்ணை உருவாக்கும் செயலிக்கு மாறினோம். சர்வரும் போனும் ஒரு ரகசியத்தை முன்பே பகிர்ந்து வைத்திருக்கும். அதோடு அந்த நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு புது எண் வரும். சிக்னல் வேண்டாம், போனில் மணி சரியாக ஓடினால் போதும். அதுவும் கைவிட்டால் திறக்க, ஓர் அவசரக் கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு பாதியாக எழுதி, அரக்கு முத்திரை வைத்த இரண்டு உறையில், இரண்டு பேர் பொறுப்பில் வைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உறையைப் பிரித்து நிஜமாகவே திறக்கிறதா என்று பார்க்கிறோம். முதல் தடவை பார்த்தபோது திறக்கவில்லை. பாதி பாஸ்வேர்டில் பூஜ்ஜியத்தை 'ஓ' என்று எழுதியிருந்தார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. போனவர்களின் கணக்கை எல்லாம் ஒரே நாளில் அணைத்தேன், பெருமையாக. மூன்றாம் வாரம்தான் தெரிந்தது, தினசரி பேக்கப் எடுக்கும் புரோகிராம், வேலையை விட்டுப்போன ஒரு பையனின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வாரமாக பேக்கப் இல்லை. எதுவும் ஆகவில்லை, ஆனால் எனக்கு நல்ல தூக்கம் வரப் பல நாள் பிடித்தது. இப்போது அணைப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கு கடைசி 30 நாளில் எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை துறைத் தலைவர்களுக்கு உரிமைப் பட்டியல் போகும். இருநூறு வரி அனுப்பினால் இருநூறுக்கும் டிக் அடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். படிப்பதே இல்லை. பணம், மருந்து, நோயாளி விவரம் மூன்றையும் தொடும் உரிமைகளை மட்டும் எடுத்து, பக்கத்திலேயே கடைசியாகப் பயன்படுத்திய தேதியையும் போட்டுப் பதினைந்து வரி அனுப்பினேன். "இவரு போயி ஒரு வருஷம் ஆச்சே, இன்னுமா இருக்கு?" என்று அவர்களே போன் செய்தார்கள்.

வருகிற 31ஆம் தேதி எங்கள் மருந்தகப் பொறுப்பாளர் அம்மா ஓய்வு பெறுகிறார். அவர் பெயரில் பதினொரு இடத்தில் கணக்கு இருக்கிறது, ஒன்பதை அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு சிஸ்டமே அணைத்துவிடும். மீதி இரண்டும் பழைய சாப்ட்வேர், கையால்தான் அணைக்க வேண்டும். அதற்கு நான் இருப்பேன். பொன்னாடையும் அல்வாவும் வேறொருவர் பொறுப்பு.

வணக்கம்.