சாரா ஜேனை எந்த ஸ்டாப்பிங்கில் இறக்கிவிட்டார்கள்?

[திரையில்: ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெரு. ஓரமாக ஒரு பெண் தனியாக நிற்கிறார்.]

வணக்கம். திரையில் நிற்கிற இவரை இப்போதுதான் நடுத்தெருவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பேர் சாரா ஜேன் ஸ்மித். கோடு போட்ட தொளதொள உடை, கை நிறையச் சாமான், அதில் ஒரு பொம்மை ஆந்தை, ஒரு பூந்தொட்டி, ஒரு டென்னிஸ் மட்டை. இறக்கிவிட்ட ஆள், இதுதான் உன் தெரு, தெற்கு குராய்டன், ஹில்வியூ ரோடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். வண்டி மறைந்த பிறகு சுற்றிப் பார்த்தால் இது ஹில்வியூ ரோடு இல்லை, லண்டனின் தெற்கோரத்தில் இருக்கிற குராய்டன்தானா என்பதே சந்தேகம். பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது, அதனிடம் புலம்பிவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டே நடக்கிறார். அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. அக்டோபர் 1976.

அது எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள ரசிகர்கள் முப்பது வருடம் காத்திருந்தார்கள். நீங்கள் ஒரு பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

சரி, தொடர் எது என்று கண்டுபிடித்திருப்பீர்கள். பிபிசியின் டாக்டர் ஹூ. பார்க்காதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் என்று ஒருத்தர், வேற்றுக்கிரகவாசி, சாகப்போகிற நேரத்தில் உடம்பை மாற்றிக்கொண்டு வேறு முகத்தோடு எழுந்துவிடுவார், அதனால் நடிகர் மாறினாலும் கதை நிற்காது, பழைய போலீஸ் டெலிபோன் பெட்டி மாதிரி இருக்கிற டார்டிஸ் என்ற கால இயந்திரத்தில் ஏறிக் காலம், கிரகம் என்று சுற்றுவார், கூட ஒருத்தரையோ இரண்டு பேரையோ கூட்டிப்போவார். அந்தக் கூடப் போகிறவர்களுக்குக் கம்பானியன் என்று பேர். பெரும்பாலும் பெண்கள்.

இவர்கள் டார்டிஸில் ஏறின கதையை எல்லாரும் பேசுவார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது இறங்கின கதை. ஏனென்றால் ஒரு கதாசிரியர் ஒரு பாத்திரத்தை என்ன மதிப்பில் வைத்திருந்தார் என்பது, அந்தப் பாத்திரம் வேலை முடிந்து கிளம்பும்போதுதான் தெரிகிறது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. முதல் எபிசோடு 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், வயது 27, அப்போது பிபிசி நாடகப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர். முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். கோட்டு சூட்டு போட்ட பெரியவர்கள் நிறைந்த கட்டடத்தில் ஒரு இளம்பெண்ணும் ஒரு இந்தியரும் சேர்ந்து செய்த வேலை இது. அந்த முதல் குழுவில் பார்பரா ரைட் என்று ஒரு வரலாற்று டீச்சர் வருவார். 1964-ல் வந்த அஸ்டெக் கதையைப் பாருங்கள்: மெக்சிகோவில் அவரை ஒரு பழைய பூசாரியின் மறுபிறவி என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள், அவரோ கிடைத்த அதிகாரத்தை வைத்து நரபலியை நிறுத்தப் பார்க்கிறார், வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். முயற்சி தோற்கிறது. ஆனால் நாலு எபிசோடும் நகர்வது பார்பரா எடுத்த முடிவால். அறுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் தொடரில் இது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், கறிவேப்பிலைக் கதைதான். வாசனைக்குப் போட்டு, சாப்பிடும்போது எடுத்து ஓரம் வைத்துவிடுவது.

1966-ல் டோடோ என்று ஒரு கம்பானியன். ஒரு கம்ப்யூட்டர் அவர் மனதை வசப்படுத்திவிடுகிறது, ஓய்வெடுக்கட்டும் என்று பாதிக் கதையில் கிராமத்துக்கு அனுப்புகிறார்கள், அதோடு சரி. கடைசியில் இன்னொரு பெண் வந்து, டோடோ லண்டனிலேயே இருந்துவிடுகிறாராம் என்று சேதி சொல்கிறார். ஆள் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

1970-ல் லிஸ் ஷா. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி, டாக்டருக்குச் சரிசமமாக நின்று பேசக்கூடியவர். ஒரே வருடத்தில் காணோம். அடுத்த கதையில் புது உதவியாளர் பற்றிப் பேச்சு வரும்போது, லிஸ் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று டாக்டர் வேலை பார்க்கிற ராணுவப் பிரிவின் தலைவர் பிரிகேடியர் சொல்கிறார், கூடவே ஒரு குத்தலும்: உனக்குத் தேவை டெஸ்ட் டியூப் எடுத்துக் கொடுத்து, நீ எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஒருத்தர் என்று லிஸ்ஸே அடிக்கடி சொல்வாராம். தயாரிப்பாளர்கள் நினைத்ததும் கிட்டத்தட்ட அதுதான். பாத்திரத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தால், "அது என்ன டாக்டர்?" என்று பார்வையாளருக்காகக் கேட்க ஆள் வேண்டாமா? நடித்த கரோலின் ஜான் அப்போது கர்ப்பமாக இருந்தார், அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனாலும் ஒரு விடைபெறும் காட்சிக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு நிமிடம்?

[திரையில்: 1973, சாரா ஜேன் ஸ்மித்தின் முதல் காட்சி.]

இந்த வரிசையில்தான் சாரா வருகிறார், 1973 டிசம்பரில். பத்திரிகையாளர். நடித்தவர் லிவர்பூலில் பிறந்த எலிசபெத் ஸ்லேடன். டாக்டர் காபி போடச் சொன்னால் முறைக்கிற பெண். பெலடான் கிரகத்தின் ராணி, நான் வெறும் பெண்தானே என்று இழுக்கும்போது, இந்த 'வெறும்' என்ற பேச்சே வேண்டாம் என்று பாடம் எடுப்பார். பெண் விடுதலை பற்றிப் பேப்பரில் தினம் அடிபடும் காலம் அது, எழுதியவர்களும் அதைக் கொஞ்சம் தூவிப் பார்த்தார்கள்.

தூவினதோடு சரி. போகப் போக அதே சாராவைக் கட்டிப்போடுவார்கள், மயக்குவார்கள், கண் தெரியாமல் தடுமாற வைப்பார்கள். ஆனால் ஸ்லேடன் நடிப்பில் ஒரு விஷயம் உண்டு: பயத்தை மறைக்க மாட்டார், பயந்துகொண்டே போய்க் கதவைத் திறப்பார். குழந்தைகளுக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான் என்பது என் கட்சி.

இப்போது அந்தக் கடைசிக் காட்சிக்கு வருவோம். டார்டிஸில் சாரா பொருமிக்கொண்டிருக்கிறார்: குளிரில் நடுங்கி, மழையில் நனைந்து, கண்டவனெல்லாம் என்னை மயக்கி, துப்பாக்கியால் சுட்டு, போதும்டா சாமி, நான் வீட்டுக்குப் போகிறேன். டாக்டரோ இயந்திரத்தை நோண்டிக்கொண்டிருக்கிறார், காதில் வாங்கவில்லை. எனக்கு இந்த வசனம் சாரா டாக்டரிடம் சொல்வது மாதிரியே படவில்லை, மூன்று வருடக் கதைகளை எழுதியவர்களிடம் கொடுத்த புகார்ப் பட்டியல் மாதிரி இருக்கிறது. கோபத்தில் மூட்டையும் கட்டுகிறார். அந்த நேரம் பார்த்து டாக்டருக்குச் சொந்தக் கிரகத்திலிருந்து அழைப்பு வருகிறது, அங்கே மனிதர்களைக் கூட்டிப்போகக் கூடாது. மூட்டையோடு வந்து நிற்பவரிடம், நீ நிஜமாகவே போகத்தான் வேண்டும் என்கிறார். சாரா முகம் மாறுகிறது பாருங்கள், மிரட்டிப் பார்ப்பதற்காகச் சொன்னது பலித்துவிட்ட முகம். அழுகை இல்லை, கட்டிப்பிடிக்கவில்லை. என்னை மறந்துவிடாதே என்று ஒருத்தர், நீயும் மறந்துவிடாதே என்று இன்னொருத்தர். ஸ்லேடனும் அப்போது டாக்டராக நடித்த டாம் பேக்கரும் தாங்களே உட்கார்ந்து வசனத்தை மாற்றிச் சரிசெய்த காட்சி இது.

அடுத்து வந்த லீலாவுக்கு இதுகூடக் கிடைக்கவில்லை. (நம்மூர்ப் பேர் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், பாலஸ்தீனப் போராளி லைலா காலிதின் பேரை ஒட்டி வைத்தது.) கத்தி வைத்துக்கொண்டு திரிந்த வேட்டைக்காரி, 1978-ல் கடைசி எபிசோடில் திடீரென்று ஒரு காவல் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் எப்போது என்ன நடந்தது என்று எபிசோடைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாலும் கிடைக்காது. பழைய தொடர்களில் ஒரு பெண்ணை இறக்கிவிட வழி தெரியாவிட்டால் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள், இதில் நம் சீரியல்காரர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

சாராவைத் திரும்பக் கொண்டுவர 1981-லேயே ஒரு முயற்சி நடந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு தனி எபிசோடு. தலைப்பு என்ன தெரியுமா? 'கே-9 அண்ட் கம்பெனி'. கே-9 என்பது டாக்டர் சாராவுக்குப் பரிசாக அனுப்பிவைத்த ரோபோ நாய். நாய்க்குத் தலைப்பில் பேர் உண்டு, சாரா 'கம்பெனி'. ஒரே எபிசோடோடு நின்றுபோனது. 1983-ல் இருபதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில் வந்தார், அதில் ஒரு சரிவிலிருந்து விழுந்து தொங்குவார், டாக்டர் காரில் கயிறு கட்டி இழுப்பார், திரையில் பார்த்தால் அது எழுந்து நடந்தே வந்துவிடலாம் போன்ற மேடு. பட்ஜெட்!

1989-ல் தொடரே நின்றது. 2005-ல் ரசல் டி டேவிஸ் மறுபடி எழுப்பினார், புது டாக்டர், புது கம்பானியன் ரோஸ் டைலர். அடுத்த வருடம், 2006 ஏப்ரல் 29, டேவிட் டென்னன்ட் டாக்டராக நடித்த 'ஸ்கூல் ரீயூனியன்' எபிசோடில்தான் இந்த வீடியோவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

[திரையில்: இருட்டான பள்ளிக்கூடம், ஒரு அறைக்குள் நீலப் பெட்டி.]

ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ தப்பு நடக்கிறது என்று துப்பறிய வருகிறார் சாரா, இன்னமும் பத்திரிகையாளர், வயது கூடியிருக்கிறது. டாக்டர் அங்கே வாத்தியார் வேஷத்தில் இருக்கிறார், முகம் வேறு என்பதால் சாராவுக்கு அடையாளம் தெரியவில்லை. ராத்திரி ஒரு அறைக் கதவைத் திறந்தால் டார்டிஸ் நிற்கிறது. சாரா ஓடிப்போய்த் தொடவில்லை. பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறார், திரும்பினால் இருட்டில் அவர் நிற்கிறார். நீ செத்துப்போய்விட்டாய் என்றல்லவா நினைத்தேன், அவ்வளவு காத்திருந்தேன் என்கிறார். பிறகு நாய்க்கு ரிப்பேர் பார்க்கிற இடத்தில் நேராகவே கேட்டுவிடுகிறார்: நான் என்ன தப்பு செய்தேன், ஏன் திரும்பி வரவில்லை? பழைய தொடரில் யாருமே கேட்காத கேள்வி. டாக்டரிடம் ஒழுங்கான பதில் இல்லை. அந்தச் சூட்டிலேயே இதையும் போட்டு உடைக்கிறார்: நீ இறக்கிவிட்டது குராய்டனே இல்லை. பின்னே எங்கே? அபர்டீன்.

ஸ்காட்லாந்து! சாலை வழியாகப் போனால் 800 கிலோமீட்டருக்கு மேல். அது குராய்டனுக்குப் பக்கம்தானே என்று சமாளிக்கிறார் மனிதர்.

இதே எபிசோடில் ரோஸுக்கும் சாராவுக்கும் ஒரு சண்டை உண்டு. பழைய ஆளும் புது ஆளும் மோதினால் குழாயடிச் சண்டையாக எழுதிவிடுவது சுலபம், இங்கேயும் அப்படித்தான் தொடங்குகிறது, நான் இந்த ராட்சசனைப் பார்த்தேன், நான் அதைவிடப் பெரியதைப் பார்த்தேன் என்று, கடைசியில் சாரா, ஸ்காட்லாந்து ஏரியில் இருப்பதாகச் சொல்கிற லாக் நெஸ் ராட்சசனை எடுத்து விட்டதும் ரோஸ் வாயடைத்துப் போகிறார். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைக் கேலி செய்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முடிவில் டாக்டர் கூட வரச் சொல்கிறார், சாரா வரவில்லை என்கிறார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: போய்வருகிறேன் என்று இந்தத் தடவை வாயால் சொல். டாக்டர் சொல்கிறார்.

2007-ல் 'தி சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ்', குழந்தைகளுக்கான தொடர். இந்தத் தடவை தலைப்பில் பேர் சாராவுடையது, நாய் எப்போதாவது தலைகாட்டும். முதல் எபிசோடு வரும்போது ஸ்லேடனுக்கு 60 வயது. அறுபது வயதுப் பெண் ஓடித் துரத்தி வேற்றுக்கிரகவாசிகளை மடக்குவதை, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள், யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எதிர் வீட்டுக்குக் குடிவருகிற ராணி சந்திரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணுக்கு நிருபர் ஆகவேண்டும் என்று ஆசை, சாராவிடம் தொழில் பழகுவது மாதிரி ஒட்டிக்கொள்வார்.

2010-ல் இந்தத் தொடருக்கே ஜோ கிராண்ட் வந்தார், லிஸ்ஸுக்கு அப்புறம் டெஸ்ட் டியூப் எடுத்துக் கொடுக்க அமர்த்தப்பட்டவர், 1973-ல் கல்யாணம் செய்துகொண்டு அமேசான் காட்டுக்குப் போனவர். இப்போது ஏழு பிள்ளை பெற்ற பாட்டி, உலகம் முழுக்கப் போராட்டம், மறியல் என்று அலைந்திருக்கிறார். என்னைத் தேடி வரவே இல்லையே என்று அவருக்கும் அதே குறை. அந்தக் கதையின் முடிவில் சாரா மற்றப் பழைய கம்பானியன்களைப் பற்றித் தான் சேகரித்து வைத்திருப்பதைச் சொல்கிறார்: டீகன் ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்கள் உரிமைக்காகப் போராடுகிறார், பென்னும் பாலியும் இந்தியாவில் அனாதை இல்லம் நடத்துகிறார்கள். டாக்டர் செய்ய வேண்டிய விசாரிப்பை சாரா உட்கார்ந்து செய்திருக்கிறார்.

2011 ஏப்ரல் 19, ஸ்லேடன் புற்றுநோயில் காலமானார். வயது 65. ஐந்தாவது சீசனில் பாதிதான் எடுத்திருந்தார்கள், அதை அந்த அக்டோபரில் ஒளிபரப்பினார்கள். அந்தத் தொடரில் சாரா இறந்ததாகக் கதை எழுதவில்லை.

[திரையில்: ஒரு அறை, வட்டமாக நாற்காலிகள்.]

கடைசியாக ஒரு காட்சி. 2022 அக்டோபர், டாக்டராக ஜோடி விட்டேக்கர், ஆமாம், பெண் டாக்டர், அவருடைய கடைசி எபிசோடு. 1984-ல் இதெல்லாம் இனிமேல் பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டே ஓடிப்போய், மனசு மாறித் திரும்பி வருவதற்குள் வண்டியைத் தவறவிட்ட டீகன் இதில் வருகிறார், டாக்டரின் பரம எதிரியான டாலெக்கை பேஸ்பால் மட்டையால் அடித்த ஏஸ் வருகிறார். எல்லாம் முடிந்த பிறகு, டாக்டரோடு பயணம் செய்து இறங்கியவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள், ஜோ இருக்கிறார், மெல் இருக்கிறார். சாரா இல்லை. பேச்சில் டாக்டரை 'ஷீ' என்று யாரோ சொல்ல, மூலையிலிருந்து ஒரு முதியவர் குறுக்கிடுகிறார். பார்பராவோடு 1963-ல் ஏறிய சக டீச்சர் இயன், நடித்தவர் வில்லியம் ரசல், 97 வயது, 57 வருடம் கழித்து இந்தத் தொடரில் தலைகாட்டுகிறார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: மன்னிக்கணும், 'ஷீ' என்றா சொன்னீர்கள்?