படிவத்துக்குத் தெரியாத குழந்தைப் பருவம்

எல்லோருக்கும் வணக்கம். சிறுவயதில் பட்ட துன்பங்களை எண்ணிப் பார்க்கும் ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன். மொத்தம் பத்துக் கேள்விகள். பதினெட்டு வயதுக்கு முன் வீட்டில் உங்களை அடிக்கடி அடித்தார்களா? ஆம் என்றால் ஒன்று. பெற்றோர் பிரிந்துவிட்டார்களா? அதற்கும் ஒன்று. பாலியல் கொடுமைக்கு ஆளானீர்களா? அதற்கும் ஒன்றுதான். கடைசியில் கூட்டிப் போட வேண்டும்.

கொஞ்சம் நின்று பாருங்கள். அம்மாவும் அப்பாவும் சண்டையில்லாமல் பிரிந்து, இரண்டு வீட்டிலும் பாசத்தோடு வளர்ந்த பிள்ளைக்கும் ஒன்று. வருடக்கணக்கில் பயந்து பயந்து தூங்கிய பிள்ளைக்கும் ஒன்று. மூன்று வயதில் நடந்ததா, பதினைந்திலா? ஒரு தடவையா, தினமுமா? ஓடிப்போய் மடியில் விழ ஒரு பாட்டியாவது இருந்தாளா? படிவத்துக்கு இது எதுவும் தெரியாது.

அந்தப் படிவத்தின் அருமையை நான் மறுக்கவில்லை. 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்களின் குழுவினர் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதிய கட்டுரை மருத்துவ உலகத்தையே உலுக்கியது. நான்கு வகைத் துன்பங்களோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. அப்போது ஏழாக இருந்த வகைகள் பிறகு பத்தாயின. அந்தப் பத்திலும் வறுமை இல்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் செய்யும் கொடுமை இல்லை. தெருவில் நடக்கும் வன்முறையும் இல்லை.

அப்புறம், நினைவு. 2019-இல் வேறு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுவயதிலேயே கொடுமைக்கு ஆளானதாகப் பதிவானவர்களில் 52 சதவீதம் பேர், வளர்ந்தபின் கேட்டபோது அதைச் சொல்லவில்லை. வளர்ந்தபின் சொன்னவர்களில் 56 சதவீதம் பேருக்குப் பழைய பதிவு இல்லை. யாரும் பொய் சொன்னதாக இதற்கு அர்த்தமில்லை. மறந்திருக்கலாம், வாய் வராமல் போயிருக்கலாம். பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால் அன்றைக்கு யாராவது பார்த்திருக்க வேண்டுமே! இரண்டு வழியிலும் நாம் பெரும்பாலும் வேறு வேறு ஆட்களைத்தான் பிடிக்கிறோம்.

படிவத்தில் கூட்டிப் போடும் கணக்கு பெருந்திரளான மக்களைப் பற்றிப் பேசுவதற்கு உதவும். தனியொருவரின் அபாயத்தைக் கணிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020-இல் எச்சரித்தவர்களில் அதே ராபர்ட் ஆண்டாவும் ஒருவர். அதே ஆண்டில்தான் கலிஃபோர்னியா மாநிலம், அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ளவர்களிடம் இந்தத் துன்பங்களைக் கேட்டறியும் மருத்துவர்களுக்கு ஒரு பரிசோதனைக்கு 29 டாலர் தரத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் "உன் மகளுக்கு ஐந்து" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் தாய், அந்த ஐந்தை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி என்ன செய்வாள்?