விதை மூட்டை தராமல் ஏன் பணம் தருகிறார்கள்?

அடுத்த கேள்வி. “வெள்ளத்தில் எல்லாம் இழந்த விவசாயக் குடும்பத்துக்கு விதை, உரம், தானியம் என்று பொருளாகவே கொடுக்கலாமே? பணமாகக் கொடுத்தால் கண்டபடி செலவாகிப் போகாதா?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பலருக்கும் இருக்கிற சந்தேகம்தான். வெள்ளம் வடிந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நிலம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் மேலே மணல் மூடிக் கிடக்கிறது. வரப்பு உடைந்திருக்கிறது. விதைக்கென்று எடுத்து வைத்திருந்த நெல் நனைந்து மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருக்கிறது. அடுத்த அறுவடைக்குப் பல மாதங்கள் இருக்கின்றன, அதுவரை சாப்பிட்டாக வேண்டும். அதனால் முதலில் ஆட்டை விற்பார்கள், அப்புறம் மாட்டை. ஊரே ஒரே சமயத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் என்ன விலை கிடைக்கும்? அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அதே சந்தையில் தானியத்தின் விலையோ ஏறிக் கிடக்கும். உழவு மாட்டை விற்றவர் அடுத்த பருவத்தில் வேறொருவரின் ஏருக்காகக் காத்திருக்க வேண்டும். அவருடைய முறை வருவதற்குள் மண்ணில் ஈரம் போய்விடும். வெள்ளத்தில் போனது ஒரு போகம்தான். மாட்டை விற்றதால் ஏற்படும் நஷ்டம் வருடக்கணக்கில் தொடரும்.

கையில் பணம் இருந்தால் அந்த மாட்டை விற்க வேண்டியதில்லை. பண உதவி செய்கிற முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, பொருளாகக் கொடுத்தால் என்ன? விதை மூட்டை பல நேரம் விதைப்புக் காலம் தாண்டித்தான் வந்து சேர்கிறது. அல்லது அந்த மண்ணுக்கு ஒத்துவராத ரகமாக இருக்கிறது. ஒருவருக்குத் தேவை மணலை அள்ள ஆள்கூலி, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேவை பம்புசெட் ரிப்பேர். இருவருக்கும் விதை மூட்டையே வந்தால், வந்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டுத்தான் கூலியும் ரிப்பேர் செலவும் கொடுப்பார்கள். அதற்குப் பணமாகவே கொடுத்திருக்கலாம்.

வீண் செலவு என்ற பயத்துக்கு வருகிறேன். உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். பண உதவி கிடைத்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாக அதில் தெரியவில்லை. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று யோசிக்கிற வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கும்.

எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2020-இல் வங்கதேசத்தில் ஜமுனா ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு, வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 4,500 டாக்காவை (வங்கதேச நாணயம்) மொபைல் வழியாக அனுப்பியது. பிறகு ஆய்வு செய்தபோது, அந்தப் பணம் பெற்ற குடும்பங்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்க நேர்ந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 36 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. அதிக வட்டிக் கடனும் சொத்து இழப்பும்கூடக் குறைந்திருந்தன. ஒரே ஒரு நாள் முன்னதாகப் பணம் கிடைத்தவர்களின் நிலைமைகூடக் கொஞ்சம் மேலாக இருந்ததாம்.

அதனால் தவணை முறையில் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். 2015 பூகம்பத்துக்குப் பிறகு நேபாள அரசு வீடு கட்ட 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தது. அஸ்திவாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. வீட்டுக்கு அது நியாயம், நாளைக்கு இடிந்து விழக்கூடாதே. பயிருக்கு அப்படி இழுத்தடித்தால் பருவம் போய்விடும்.

எல்லா இடத்திலும் பணமே போதும் என்று நான் சொல்லவில்லை. சாலை துண்டாகி, கடையில் சரக்கே இல்லாத இடத்தில் நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அங்கே முதலில் உணவும் விதையும்தான் போக வேண்டும். சந்தை திறந்த பிறகு பணத்துக்கு மாறலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கேள்வியில் இல்லை. நிலப் பத்திரத்தை வைத்துப் பட்டியல் போட்டால் உதவி நிலத்துக்குச் சொந்தக்காரர் கணக்குக்குப் போகும். அவர் நகரத்தில் இருக்கலாம். விதைத்து, களை எடுத்து, பயிரைத் தண்ணீரில் பறிகொடுத்தவர் குத்தகைக்காரர். அவர் பெயர் பட்டியலில் இருக்காது. அந்த வயலில் கூலி வேலை செய்தவர்களின் பெயரும் இருக்காது. பட்டியல் போடும்போது பத்திரத்தோடு நிறுத்தாமல், அந்தப் பருவத்தில் வயலில் யார் பயிர் வைத்தார்கள், யார் வேலை பார்த்தார்கள் என்று ஊரில் விசாரித்து எழுத வேண்டும்.