சொறி மீன் பட்டால் எங்கே தேடுவது?

வணக்கம். நான் நூலகம் பார்க்கிறவன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று நம் கரையில் கடலுக்குப் போகிற அண்ணன்மாருக்கும் பாசி எடுக்கிற அக்காமாருக்கும் சொறி மீனை (ஜெல்லிஃபிஷ்) பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பட்ட இடம் சாட்டையால் அடித்த மாதிரி தடித்துவிடும். உடனே மணலை அள்ளித் தேய், எலுமிச்சம்பழம் பிழி, ஒன்றுக்கு அடித்துவிடு என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், வாட்ஸப் குழுவில் கேட்டால் இன்னும் நாலு வரும்.

இதில் எதை நம்புவது என்று பார்க்கத்தான் பப்மெட் என்ற தளம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, 1997 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம், மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் விவரம் அதில் கிடக்கிறது. ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும், அது ஒரு தொல்லைதான், வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் ஜெல்லிஃபிஷ் என்று அடித்தால் கடல் உயிரியல் கட்டுரைகளும், அதன் உடம்பிலிருந்து எடுத்த, பச்சையாக ஒளிருகிற புரதத்தைப் பற்றிய கட்டுரைகளும் வந்து குவியும். (அந்தப் புரதத்துக்கு 2008இல் நோபல் பரிசே கிடைத்தது, ஆனால் நம் கை எரிச்சலுக்கு அதனால் என்ன பயன்?) அதோடு ஸ்டிங், ட்ரீட்மென்ட் என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம் முடிவுகளை வடிகட்டுகிற ஃபில்டரில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பதை டிக் செய்யுங்கள். ஒரு கேள்விக்கு நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, தரம் பார்த்து, ஒன்றாக வைத்து எழுதுவதுதான் அது.

அப்படித் தேடினால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துத் தரம் பார்க்கிற காக்ரேன் என்ற குழுவினரின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று கிடைக்கும். 2023இல் புதுப்பித்தது, 9 ஆய்வுகள், 574 பேர். வெந்நீர் ஐஸைவிடப் பரவாயில்லை போலத் தெரிந்தாலும் சான்று ரொம்பப் பலவீனம் என்று அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த நேர்மைதான் பிடித்தது, வாட்ஸப் வைத்தியர் யாராவது "எனக்கு உறுதியாகத் தெரியாது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த ஆய்வுகளில் சில ப்ளூபாட்டில் என்ற வகையைப் பற்றியவை, சில வேறு வகைகளைப் பற்றியவை. நம் கடலில் சொறி ஒரே வகை இல்லை. அதனால் முடிவைப் படிப்பதற்கு முன்னால் எந்த உயிர், எந்த ஊர், எத்தனை பேர் என்று பாருங்கள்.

பாசி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று வருகிற செய்திகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற கட்டுரையைத் திறந்தால் பல நேரம் உள்ளே இருப்பது எலி, இல்லையென்றால் சோதனைக் குழாய். ஃபில்டரில் ஹ்யூமன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் பாதிக் குப்பை விலகிவிடும். பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை நல்ல கட்டுரை ஆகிவிடாது. தவறு தெரிந்து திரும்பப் பெறப்பட்டதாக இருந்தால் மேலேயே எழுதியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

சொறி பட்டவருக்கு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ தேடிக்கொண்டு உட்காராதீர்கள், 108க்குப் போன் போடுங்கள். தேடுவதெல்லாம் கரையில் சும்மா இருக்கும் நேரத்தில்.

சரி, சுருக்கம் மட்டும் தெரிகிறது, முழுக் கட்டுரைக்குக் காசு கேட்கிறான் என்றால்? ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட் என்ற ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள், அதே நூலகம் முழுக் கட்டுரைகளை இலவசமாக வைத்திருக்கிற பப்மெட் சென்ட்ரலில் நிறையக் கட்டுரைகள் முழுசாகவே கிடைக்கும். அங்கேயும் இல்லையென்றால் எழுதியவரின் மின்னஞ்சல் பெரும்பாலும் கட்டுரை விவரத்திலேயே இருக்கும், இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், பலர் அனுப்பி வைப்பார்கள்.