இன்று எத்தனையாவது நாள்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நுண்ணுயிரியல் மருத்துவர். ரத்தம் கொடுத்துவிட்டு, “ரிப்போர்ட் எப்போது வரும்?” என்று கேட்டுவிட்டுப் போகிறீர்களே, அந்த ரத்தக் குழாய் வந்து சேரும் அறையில்தான் என் பொழுது கழிகிறது. நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பது அரிது. குழாயின் மேல் ஒட்டிய பெயரும் வயதும், கூடவே வரும் ஒரு படிவமும்தான் எங்களுக்குத் தெரிந்த நோயாளி. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ‘காய்ச்சல் தொடங்கிய தேதி’ என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அது காலியாகவே வரும். அப்படி இல்லாவிட்டால் ‘சில நாட்களாக’ என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளி மாணவனின் ரத்தம் டெங்கு பரிசோதனைக்கு வந்தது. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான ஆண்டிபாடியை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தேதிக் கட்டம் காலி. பார்த்தோம், டெங்கு இல்லை என்று வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். மூன்று நாள் கழித்துக் காய்ச்சலும் இறங்கியது. சரி, குணமாகிவிட்டது என்று பையனைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அன்று மாலையே தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் எல்லாம் சில்லிட்டுப் போய்விட்டது. மறுபடி எடுத்த ரத்தத்தில் டெங்கு தெளிவாகத் தெரிந்தது. உடனே டிரிப் ஏற்றிக் காப்பாற்றினார்கள். பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, முதல் ரத்தம் எடுத்தது காய்ச்சலின் இரண்டாம் நாள்.

இரண்டாம் நாளில் அந்த உடலில் டெங்குவுக்கான ஆண்டிபாடி இன்னும் உருவாகவே இல்லை. இல்லாததை இல்லை என்றுதான் எங்கள் பரிசோதனை சொன்னது. தொலைபேசியை எடுத்து, “இன்று எத்தனையாவது நாள்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாங்கள் வேறு பரிசோதனை செய்திருப்போம். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விடுவதில்லை.

தொற்றுநோய் எதனால் வருகிறது என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி என்று வகை வகையாகக் கிருமிகள். காற்று, நீர், உணவு, ரத்தம், பூச்சிக்கடி, உடலுறவு என்று அவை நுழைய வழிகள். இதில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி நாட்கணக்கு இருக்கிறது. எப்போது நுழைந்தது, எப்போது பெருகும், எப்போது மற்றவருக்குத் தாவும், எப்போது பரிசோதனையில் பிடிபடும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். தோதான சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகும். அதே வேகத்தில் போனால், இரவு பத்து மணிக்கு ஒன்றாக இருந்தது காலை ஆறு மணிக்கு ஒரு கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். சமைத்ததை வெளியிலேயே விட்டுவிட்டு மறுநாள் சாப்பிடாதீர்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல் கணக்குதான். காசநோய்க் கிருமியோ இதற்கு நேர்மாறு. அது ஒரு முறை பிரிவதற்கே ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்ட அவருக்கு நுண்ணோக்கி மட்டும் போதவில்லை, பொறுமையும் வேண்டியிருந்தது. மற்ற பாக்டீரியாக்கள் மறுநாளே தட்டில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்றும் காசநோய்க் கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவு வர சில வாரங்கள் ஆகும். நல்லகாலமாக, சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் கருவி இப்போது இரண்டு மணி நேரத்தில் பதில் தருகிறது. ஆனால் சளி ஆய்வகத்துக்கு வந்தால்தானே பதில் சொல்ல முடியும்? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லை என்றால் சளியைச் சோதித்துவிடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கும் சளிதான் வேண்டும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்வதற்கும் அந்தக் கிருமியின் மந்தகதி ஒரு முக்கியக் காரணம். சோம்பிக் கிடக்கும் கிருமியை மருந்து எளிதில் தொடாது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பும் தேறியதும் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் கிருமி அப்புறம் மருந்துக்கு அடங்காததாக எழுந்து வரக்கூடும். அப்படி வந்த ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

மறுபடி டெங்குவுக்கு வருகிறேன். காய்ச்சல் கண்ட நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ முதல் ஐந்து நாட்களில் ரத்தத்தில் வைரஸே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது அதன் புரதத்தை நேரடியாகத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை செய்ய வேண்டும். ஐந்தாம் நாளை ஒட்டி ஐ.ஜி.எம். என்ற ஆண்டிபாடி தலைகாட்டத் தொடங்கும். பிறகு அதைத் தேட வேண்டும். நாள் தெரியாமல் ஏதோ ஒன்றைச் செய்தால், கடை திறக்கும் முன்பே போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆளில்லை என்று திரும்பி வருவது போலாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, சோர்ந்து சோர்ந்து விழுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

டைபாய்டிலும் இதே கதைதான். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வைடால் பரிசோதனை செய்து, ‘டைபாய்டு இல்லை’ என்று ஆறுதல் அடைகிறார்கள். அந்தப் பரிசோதனை தேடும் ஆண்டிபாடி பொதுவாக முதல் வாரம் கழிந்த பிறகே கூடும். முதல் வாரத்தில் கிருமியைப் பிடிக்க நம்பகமானது ரத்தக் கல்ச்சர். அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆண்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தால் பாட்டிலில் கிருமி வளராமலே போய்விடலாம். நோய் உடம்பில் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. எந்த மருந்து கேட்கும் என்பதையும் நாங்கள் சொல்ல முடியாது. சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களுக்கு ஆண்டிபயாட்டிக்கால் எந்தப் பலனும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மலேரியாவில் கதை கொஞ்சம் வேறு. ஒட்டுண்ணி ரத்தத்தில் குறைவாக இருக்கும் நேரத்தில் எடுத்த ஒரு துளியில் அது சிக்காமல் போகலாம். அதனால் ஒரு தடவை இல்லை என்று வந்தாலும், சந்தேகம் பலமாக இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடியும் ரத்தப் பூச்சு, அதாவது கண்ணாடித் துண்டில் பூசிய ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்ப்போம். மூன்று முறைகூடப் பார்ப்பதுண்டு. “எத்தனை தடவைதான் குத்துவீர்கள்?” என்று நோயாளிகள் சலித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. அந்த மூன்றாவது துளியில் ஒட்டுண்ணியைக் கண்ட நாட்களும் உண்டு.

எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே பலர் தயங்குகிறார்கள். நான் பேசிவிடுகிறேன். ஆண்டிபாடியை மட்டும் தேடும் பரிசோதனையில் தொற்று தெரியவர 23 நாள் முதல் 90 நாள் வரை ஆகலாம். பயத்தில் மறுநாளே வந்து பரிசோதித்து, இல்லை என்று தெரிந்ததும் அதோடு விட்டுவிடக் கூடாது, குறித்த நாளில் மறுபடி வர வேண்டும். அதே சமயம், தொற்றியிருக்கலாம் என்ற அச்சம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வழி இருக்கிறது. கூச்சப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கணக்கிலிருந்து கழிகிறது.

கிருமி நுழைந்த நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் நடுவே ஓர் அமைதியான காலம் உண்டு. நோயரும்பும் காலம் என்பார்கள். காலராவுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள், ஃப்ளூவுக்கு ஒன்றிலிருந்து நான்கு நாள், சின்னம்மைக்குப் பத்திலிருந்து 21 நாள், வெறிநாய்க்கடிக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில்கூட மனிதர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். 1377-இல் அட்ரியாடிக் கடலோர நகரமான ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் தனித்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பின்னாளில் அது நாற்பது நாளாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ‘குவாரண்டைன்’ என்ற பெயரே வந்தது.

அமைதியான காலம் என்றாலும் அது முழுக்கப் பாதுகாப்பான காலம் இல்லை. தட்டம்மை வந்த குழந்தை, உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். யாருக்கும் சந்தேகம் வராத நாட்கள் அவை. அதனால், நோய் தெரிந்த பிறகு ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது தட்டம்மையில் பலிக்காது. முன்கூட்டியே போட்ட தடுப்பூசிதான் காக்கும். தடுப்பூசி போடாதவர் தட்டம்மைக்காரரின் அருகில் இருந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் போட்டாலும் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. கிருமியோடு பந்தயம் ஓடி நாம் முந்திக்கொள்கிறோம்.

இந்தப் பந்தயத்தில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது வெறிநாய்க்கடிதான். கடித்த இடத்திலிருந்து அந்த வைரஸ் நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அது போய்ச் சேர்வதற்குள் உடலைத் தயார்படுத்திவிட்டால் தப்பித்தோம். 1885 ஜூலை 6 அன்று, கடிபட்டு வந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போட வைத்தார். அவன் பிழைத்தான். அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது என்பது இன்றைக்கும் மாறவில்லை. ஆகவே கடித்தவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். கழுவிய கையோடு தடுப்பூசிக்குக் கிளம்புங்கள். முதல் ஊசி போடும் நாளை நாங்கள் பூஜ்யம் என்று எழுதுவோம், அடுத்தடுத்த ஊசிகளின் நாட்கள் அங்கிருந்துதான் எண்ணப்படும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த ஆண்டிபாடியும் போட வேண்டும். ஊசி வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் காப்பது அதுதான். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள்.

பெரியம்மையை உலகத்திலிருந்தே விரட்டியதும் இதே உத்திதான். நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்தவர்களைத் தேடிப்பிடித்து, கிருமி முளைப்பதற்குள் ஊசி போட்டார்கள். இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலகம் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கொசுவுக்கும் நாட்கணக்கு இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டச் சொல்வது இதை வைத்துத்தான். கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை அழுத்தித் தேய்க்கவும் வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்து, நீர் பட்டதும் பொரியும்.

அண்மையில் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கையில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஆறு தாள்கள். முதல் தாளில் ‘ராத்திரி எட்டு மணி, உடம்பு சுட்டது’ என்று பென்சிலில் எழுதியிருந்தார். அடுத்த தாள்களில் வேளாவேளைக்கு எவ்வளவு சூடு, என்ன மாத்திரை கொடுத்தார் என்ற கணக்கு. “டாக்டர், இது தேவைப்படுமா?” என்று தயங்கியபடி நீட்டினார். ஆறு தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். அன்று ஆறாம் நாள். என்ன பரிசோதனை செய்வது என்று அந்தக் குழந்தைக்காக நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வணக்கம்.