எம்போரியாவின் பத்திரிகாசிரியர்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இந்த நூலகத்தைத் தம் வீட்டைப் போலப் பேணிவரும் நூலகர் அம்மையார் அவர்களே, என்னோடு அச்சுக்கூடங்களில் உழைத்த தோழர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நகராட்சித் தலைவர் அவர்கள் இன்று மாலை வேறொரு நிகழ்ச்சிக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் என் உரை முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கும் எண்ணத்தோடு வந்திருப்பதால், அதற்காக அவர்களுக்கு இருமடங்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் ஐயாவிடம் நான் ஏழாம் வகுப்பு படித்தேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுத அவர் கற்றுக்கொடுத்த பாடமே, பின்னாளில் ஈய எழுத்துகளின் முன்னால் கம்பாசிட்டராக நான் நின்றபோது எனக்குச் சோறு போட்டது.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்று என் தாயார் அடிக்கடி சொல்வார். ஊரார் வம்பு பேசுவதைக் கண்டு மனம் நொந்து அவர் சொன்ன சொல் அது. நாற்பது ஆண்டுகள் ஒரு சிறிய வார இதழில் வேலை பார்த்த எனக்கோ அந்தப் பழமொழி வேறொரு பொருளைத் தருகிறது. ஊருக்கு ஒரு வாய் உண்டு, அது பேசியே தீரும். அந்தப் பேச்சை விசாரித்து, பொய்யைக் களைந்து, பெயரும் தேதியும் சேர்த்து அச்சில் நிறுத்துகிறவரே ஊர்ப் பத்திரிகாசிரியர். அப்படி ஒரே ஊரில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பத்திரிகை நடத்திய அமெரிக்கர் ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அவர் ஊரோடு வாழ்ந்த விதம், ஊருக்காக எழுதிய விதம், பத்திரிகையின் வரவு செலவை நடத்திய விதம் ஆகிய மூன்றையும் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் வில்லியம் ஆலன் ஒயிட். கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்னும் ஊரில் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பிறந்தவர். எல்டொராடோ என்னும் பக்கத்து ஊரில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. சிறு பத்திரிகைகளில் தொழில் கற்று, கான்சாஸ் சிட்டி நகரின் பெரிய நாளிதழில் வேலை பார்த்தார். பெருநகரத்திலேயே இருந்திருந்தால் சம்பளமும் செல்வாக்கும் வளர்ந்திருக்கும். அவரோ 1895ஆம் ஆண்டு 3,000 டாலர் கடன் வாங்கி, தாம் பிறந்த ஊரில் தள்ளாடிக்கொண்டிருந்த 'எம்போரியா கெசட்' என்னும் பத்திரிகையை விலைக்கு வாங்கினார். அப்போது அந்த ஊரின் மக்கள்தொகை எட்டாயிரம் அளவில்தான் இருந்தது. நம் ஊரின் இரண்டு வார்டுகளைச் சேர்த்தால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

அவர் எம்போரியா ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது சட்டைப் பையில் ஒன்றேகால் டாலர் மட்டுமே இருந்தது. நிலையத்தில் ஊர்க்காரர்கள் சிலர் நின்றுகொண்டு, புதிய பத்திரிகாசிரியர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தாமே சுமந்து நடந்தால் சிக்கனமான பிள்ளை என்று பெயர் வாங்கலாம்; குதிரை வண்டி பிடித்தால் கையில் காசுள்ளவர் என்று பெயர் வாங்கலாம். கடன் வாங்கி வந்திருக்கும் தமக்கு ஊரில் நம்பிக்கை வேண்டும் என்று எண்ணி, கால் டாலர் கொடுத்து வண்டி ஏறினார். பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள் என்று பிற்காலத்தில் எழுதினார். முதல் இதழிலேயே வாசகர்களுக்கு ஒரு வாக்குறுதியும் தந்தார். புதிய ஆசிரியனாகிய நான் பழைய ஆசிரியன் ஆகும்வரை இந்த ஊரிலேயே வாழ விரும்புகிறேன், வெளியூர் போனால் என் பெயரோடு எம்போரியாவையும் சேர்த்தே எழுதுவேன் என்பது அதன் சாரம். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

ஊர்ப் பத்திரிகாசிரியருக்கும் தலைநகரத்துப் பத்திரிகாசிரியருக்கும் உள்ள வேறுபாடு, எழுதிய மறுநாள் காலையில் தெரியும். தலைநகரத்தில் யாரைத் தாக்கி எழுதுகிறோமோ அவரை நாம் சந்திக்கவே போவதில்லை. சிற்றூரில் அவர் டீக்கடையில் நம் பக்கத்துப் பெஞ்சில் இருப்பார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒயிட் அஞ்சலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சியான மக்கள் கட்சி என்னும் உழவர் கட்சிக்காரர்கள் அவரைத் தெருவில் மறித்துக் கேலி செய்தார்கள். கோபத்தோடு அலுவலகத்துக்குத் திரும்பிய அவர், 'கான்சாசுக்கு என்ன கேடு?' என்ற பொருளில் ஒரு தலையங்கத்தை எழுதித் தள்ளினார். அது நாடு முழுவதும் மறுபதிப்பாகி, அவ்வாண்டு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பிரசாரத் துண்டறிக்கை ஆயிற்று. அவரும் புகழ் பெற்றார். அந்தத் தலையங்கத்தை நான் முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன். கடனில் மூழ்கிய உழவர்களின் வேதனை அதில் இல்லை. ஆனால் அந்த உழவர் கட்சி கேட்ட சீர்திருத்தங்கள் பலவற்றையும் பின்னாளில் இதே ஒயிட் முன்னின்று ஆதரித்தார். அவர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்ததும் அந்த மனமாற்றத்துக்கு ஒரு காரணம் என்பது என் நம்பிக்கை.

இனி, நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விடாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1922ஆம் ஆண்டு ஜூலை மாதம், கூலிக் குறைப்பை எதிர்த்து ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் அமெரிக்கா முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். எம்போரியா ரயிலால் வாழ்ந்த ஊர். மளிகைக்கடைக்காரருக்கும் துணிக்கடைக்காரருக்கும் ரயில்வே தொழிலாளியே வாடிக்கையாளர். அதனால், வேலைநிறுத்தம் செய்வோரை நூற்றுக்கு நூறு ஆதரிக்கிறோம் என்று அச்சிட்ட அட்டைகளைக் கடைக்காரர்கள் தங்கள் கண்ணாடிச் சன்னல்களில் வைத்தார்கள். கான்சாஸ் ஆளுநர் ஹென்றி ஆலன், தொழில் தகராறுகளுக்கென்று ஒரு தனி நீதிமன்றத்தையே சட்டம் போட்டு ஏற்படுத்தியிருந்தவர். அந்த அட்டைகள் சட்டவிரோதம், உடனே எடுத்துவிட வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஆளுநர் ஒயிட்டின் நெடுநாள் நண்பர்; அவரும் பத்திரிகைத் தொழிலில் இருந்து வந்தவர்; அவர் பதவிக்கு வர ஒயிட்டின் எழுத்தும் துணை நின்றிருந்தது. கடைக்காரர்கள் அட்டையை எடுக்கலாமா வேண்டாமா என்று தவித்தபோது, ஒயிட் ஓர் அட்டையை எடுத்துத் தம் பத்திரிகை அலுவலகத்தின் சன்னலில் வைத்தார். ஆனால் அவருக்கு அந்த வேலைநிறுத்தத்தில் முழு உடன்பாடு கிடையாது. ஆகவே நூறு என்ற எண்ணை மாற்றி, நாற்பத்தொன்பது என்று போட்டார்! வேலைநிறுத்தம் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதாகவும் அறிவித்தார். நாற்பத்தொன்பது விழுக்காடு ஆதரவு சட்டவிரோதமா, ஐம்பது விழுக்காடு சட்டவிரோதமா, எந்த எண்ணில் குற்றம் தொடங்குகிறது என்று ஊரே பேசும்படி ஆயிற்று. நண்பர் நண்பர்மீது வழக்குத் தொடுத்தார். பத்திரிகாசிரியருக்குக் கைது ஆணை பிறந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பதை அந்த ஆளுநருக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வழக்குத் தள்ளுபடி ஆனது.

அந்த நாள்களில், சட்டம் பேச்சுரிமையைவிட உயர்ந்தது என்று கவலைப்பட்ட நண்பர் ஒருவருக்குப் பதிலாக, ஜூலை 27ஆம் நாள் ஒயிட் ஒரு சிறு தலையங்கம் எழுதினார். மக்களின் அறிவு தடையின்றி வெளிப்படாவிட்டால் நல்ல சட்டமே பிறக்காது; அறிவோடு அறியாமையும் சேர்ந்தே வெளிப்படும்; ஆனால் சுதந்திரம் இருந்தால் அறியாமை தன் நஞ்சாலேயே மாளும், அறிவு நிலைக்கும் என்று வாதிட்டார். அந்தத் தலையங்கத்துக்கு, அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் பெரிதும் மதிக்கும் புலிட்சர் பரிசு 1923ஆம் ஆண்டு கிடைத்தது.

ஊரோடு வாழ்ந்தவர் என்பதற்கு இன்னொரு சான்று, அவர் தம் மகள் மேரியைப் பற்றி எழுதியது. 1921ஆம் ஆண்டு மே மாதம், பதினாறு வயதுப் பெண் குதிரை ஓட்டிச் சென்றபோது, தந்தையின் பத்திரிகையை வீடு வீடாகப் போடும் பள்ளித் தோழன் எதிரே வந்தான். கடிவாளம் பிடித்த கையாலேயே அவனைப் பார்த்து அசைத்தாள், குதிரை விலகியது, தாழ்ந்திருந்த மரக்கிளை தலையில் மோதியது. சில நாள்களில் அவள் இறந்தாள். குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாக வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. அடக்கம் முடிந்ததும் மேசைக்கு வந்த தந்தை, முதல் பத்தியிலேயே அந்தத் தவற்றைத் திருத்தினார். அவள் கடைசியாகப் போராடியது, உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவியருக்கு ஓர் ஓய்வறை வேண்டும் என்பதற்காக என்றும் பதிவு செய்தார். பெற்ற மகளின் மரணச் செய்தியிலும் பிழை திருத்திய அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்குகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, கறுப்பினத்தவரை வெறுத்த, முகமூடி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் கும்பல் கான்சாஸ் அரசியலில் புகுந்தபோது, அதை எதிர்ப்பதற்கென்றே அவர் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்று ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வாக்குகள் பெற்று மூன்றாம் இடத்தில் வந்தார்.

இவையெல்லாம் இன்று நமக்கு எப்படித் தெரிகின்றன என்று மாணவச் செல்வங்கள் கேட்க வேண்டும். கான்சாஸ் மாநிலத்தின் பத்திரிகாசிரியர்களும் வெளியீட்டாளர்களும் சேர்ந்து 1875ஆம் ஆண்டிலேயே ஒரு வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சிற்றூர்ப் பத்திரிகைகளும் தங்கள் இதழ்களை அங்கே அனுப்பின. அவை கட்டுக் கட்டாகச் சேர்த்து வைக்கப்பட்டன. ஒயிட் பத்திரிகை வாங்குவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அவர் எழுதப்போவதற்கு அலமாரி தயாராக இருந்தது.

நம் நிலை என்ன? 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, இந்தியாவுக்கே வழிகாட்டியது சென்னை மாகாணம். சொத்துவரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். அச்சிடும் இதழில் ஒரு படியைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டமும் 1956ஆம் ஆண்டின் திருத்தமும் சொல்கின்றன. ஆனால் அந்த இதழ் பிறந்த ஊரின் நூலகத்தில் ஒரு படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் முன்பு வெளிவந்த வார இதழ் ஒன்றின் இருபதாண்டுத் தொகுதிகள் ஓர் அலுவலகத்தில் இருந்தன. இடம் அடைக்கிறது என்று அவற்றை எடைக்குப் போட்டுவிட்டார்கள். செய்தி கேட்டு நான் பழைய பேப்பர் கடைக்கு ஓடியபோது பதினொரு இதழ்களே மிஞ்சியிருந்தன. மற்றவை பொட்டலமாகி ஊரெங்கும் போய்விட்டன. இந்த ஊரில் பேருந்து நிலையம் வந்ததும், பெருவெள்ளத்தில் மேலத்தெரு மூழ்கியதும், யார் யார் படகு கட்டி மீட்டார்கள் என்பதும் அவற்றில் இருந்தன. ஊர் வாயை மூட முடியாது என்றார் என் தாயார். எடைக்குப் போட்டால் மூடிவிடலாம் என்று அன்று கண்டேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்து வைத்திராவிட்டால், தமிழ் அச்சு வரலாற்றில் எவ்வளவோ இல்லாமல் போயிருக்கும். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிக் காப்பாற்றியது. இன்று அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. ஊருக்கு ஒரு முத்தையா கிடைப்பார் என்று நாம் காத்திருக்க முடியாது.

ஆகவே நகராட்சித் தலைவர் அவர்களிடம் என் கோரிக்கை இதுதான். இந்த நூலகத்தின் மாடியில் உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடக்கும் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். கரையான் ஏறாத இரும்பு அலமாரிகள் இரண்டு வாங்கித் தர வேண்டும். ஊரில் அச்சாகும் ஒவ்வோர் இதழின் ஒரு படியும் இங்கே வந்து சேர, வரும் நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வீடுகளில் பரண்மேல் பழைய ஊர் இதழ்கள் வைத்திருப்போர், ஒற்றை இதழானாலும், நூலகர் அம்மையாரிடம் கொண்டுவந்து தாருங்கள்.

ஒயிட் 1944ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், கான்சாஸ் மாநிலம் பிறந்த அதே தேதியில், எம்போரியாவிலேயே காலமானார். பத்திரிகையை மகன் ஏற்று நடத்தினார். என் வீட்டில் நான் பைண்டு செய்து வைத்திருந்த, எங்கள் வார இதழின் முப்பத்தெட்டுத் தொகுதிகளும் கடையிலிருந்து மீட்ட அந்தப் பதினொரு இதழ்களும் வாசலில் நிற்கும் ஆட்டோவில் இருக்கின்றன. தலைமையாசிரியர் ஐயா முதல் தொகுதியைத் தம் கையால் எடுத்து நூலகர் அம்மையாரிடம் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இளைஞர்கள் நான்கைந்து பேர் இறக்கிவைக்கக் கை கொடுங்கள். நன்றி, வணக்கம்.