தேனீயின் மண ஏற்பிகள்: மூன்றாவது எழுத்தை வைத்து அவசரப்படாதீர்கள்

வணக்கம் நண்பர்களே! இன்று எரிச்சலோடுதான் வந்திருக்கிறேன். தேனீயின் மண ஏற்பி (மணத்தை உணரும் புரதம்) மரபணுக்களைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை படித்தேன். டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளில் மூன்று சேர்ந்து, புரதத்தின் கட்டுமானக் கல்லான ஓர் அமினோ அமிலத்தைக் குறிப்பதுதான் கோடான்; ஒரே அமிலத்துக்குப் பல கோடான்கள் இருக்கலாம். அந்த மரபணுக்களில் ஏ, டி எழுத்துகளில் முடியும் கோடான்கள் மிகுதியாம்; உடனே இயற்கைத் தேர்வு என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்! தேனீயின் மொத்த மரபணுத் தொகுதியிலேயே ஜி, சி இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 33 சதவீதம்தான். ஏ, டி கொட்டிக் கிடக்கும் இடத்தில் மூன்றாவது எழுத்தும் அப்படித்தானே சாயும்?

ஃபிராங்க் ரைட் 1990-இல் தந்த ஈஎன்சி, அதாவது ஒரு மரபணு உண்மையில் எத்தனை வகைக் கோடான்களைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் அளவின்மேல் எனக்குள்ள பிரியம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரே கோடானைப் பிடித்துக்கொண்டால் 20. எல்லாவற்றையும் சமமாக எடுத்தால் 61. எண் குறைந்தால் சாய்வு இருக்கிறது என்று பொருள். காரணம் தெரிய வேண்டுமானால், மூன்றாம் இடத்து ஜி-சி அளவோடு சேர்த்து வரைய வேண்டும். ஒவ்வொரு மரபணுவும் ஒரு புள்ளி; தேர்வே இல்லாவிட்டால் எதிர்பார்க்கும் அளவைக் காட்டுவது வளைகோடு. புள்ளி அதை ஒட்டி நின்றால், காரணம் சொல்லப் பிறழ்வின் (எழுத்துகள் தற்செயலாக மாறுவதன்) சாய்வே போதும். நன்றாகக் கீழே இறங்கினால்தான் தேர்வைப் பற்றிப் பேசலாம்.

நானும் வரையத் தொடங்கினேன். ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தைவிட்டு எங்கோ நின்றது. கோப்பைத் திறந்தால், வரிசையின் நீளம் மூன்றால் வகுபடவில்லை! தொடக்கத்தில் ஓர் எழுத்து கூடுதல். அந்த ஓர் எழுத்தால் பின்னால் வரும் அத்தனை கோடான்களும் நகர்ந்து, நடுவிலேயே நிறுத்தக் கோடான்கள் (புரதம் இங்கே முடிகிறது என்பவை) முளைத்திருந்தன. எழுத்தை நீக்கி மீண்டும் ஓட்டியதும் புள்ளி தன் இனத்தோடு போய்ச் சேர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் எழுந்து நின்றுவிட்டேன்! தயவுசெய்து, கணக்கிடும் முன் வகுத்துப் பாருங்கள்.

அட, முன்பே சொல்லியிருக்க வேண்டும்: மெத்தியோனின், டிரிப்டோஃபான் இரண்டுக்கும் ஒரே கோடான்தான். ஒப்பீட்டுக் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள். லியூசினுக்கு ஆறு, சுவையே அங்கேதான்.

பழ ஈயில் அதிகமாக வெளிப்படும் மரபணுக்கள் சி, ஜியில் முடியும் கோடான்களை விரும்புகின்றன. அது தேர்வுக்கு நல்ல சான்று. மண ஏற்பியோ உணர்கொம்பின் சில நரம்பணுக்களில் மட்டும் வெளிப்படுவது. அங்கே வலுவான தேர்வை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இன்னொன்று. தேனீயின் ஏறத்தாழ 170 ஏற்பி மரபணுக்களில் பல, அடுத்தடுத்து இரட்டித்துப் பிறந்தவை. கோடான்களையும் மூதாதையிடமிருந்தே பெற்றவை. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது.

அடுத்த காணொளியில் இதே மரபணுக்களின் இன்ட்ரான்களிலுள்ள, அதாவது புரதமாக மாறாத இடைப்பகுதிகளிலுள்ள, ஜி-சி அளவோடு ஒப்பிடப் போகிறேன். அங்கேயும் இதே சாய்வு தெரிந்தால், அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதத்தான் வேண்டும்.